கித்தாவும் கித்தானும்

(‘இரண்டு பண்பாடுகளுக்கு நடுவே வளர்வது குறையா, கொடையா?’ என்ற தலைப்பில், ரந்தாவ் வட்டாரத் தோட்டப்புற மக்கள் முன்னிலையில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ‘கொடையே’ என்னும் அணியில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



முதலில் இந்த ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். ரந்தாவ். இந்த ஊருக்கு அந்தப் பெயர் எப்படி அமைந்தது என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தச் சொல்லுக்கு மினாங்கபாவ் மக்களிடையே ஒரு பொருள் உண்டு. சுமத்ராவின் மலைக் கிராமங்களில் இளைஞன் ஒருவன் வயது வந்ததும் வீட்டைவிட்டுக் கிளம்பவேண்டும். பிழைப்பு தேடவேண்டும், கல்வி தேடவேண்டும், உலகம் பார்க்கவேண்டும். இப்படிக் கிளம்புவதற்கு ‘மெரந்தாவ்’ என்று பெயர். அவன் போய்ச் சேரும் அந்நிய பூமிக்குப் பெயர் ‘ரந்தாவ்’. நெகிரி செம்பிலானுக்கு வந்து குடியேறி, இங்கே அடாட் பெர்பாத்தே வழக்கத்தை நிலைநாட்டியவர்கள் அந்த மினாங்கபாவ் மக்கள்தாம்.

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்தார்களே நம்முடைய பாட்டன் பாட்டிமார், அவர்கள் செய்ததும் மெரந்தாவ்தான். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘அக்கரைக்குப் போவது’. ஆக, இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு ‘இரண்டு பண்பாட்டுக்கு நடுவில் வாழலாமா?’ என்று கேட்பது, ஆற்றில் நின்றுகொண்டு ‘நனையலாமா?’ என்று கேட்பதைப் போன்றது. நனைந்து நாலு தலைமுறை ஆகிவிட்டது.

எதிரணியில் பேசியவர்கள் ஒரு படத்தை வரைந்து காட்டினார்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், கைப்பேசியில் ஆங்கிலம். எதிலும் காலூன்றாத பிள்ளை. அவன் கடைசியில் சாயக் குப்பியை எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துச் சுவரில் புரியாத எழுத்தைக் கிறுக்குகிறான் என்றார்கள். கைதட்டல் பலமாக இருந்தது. அந்தக் கிறுக்கலிலிருந்தே இந்த உரை தொடங்குகிறது.

பெரியவர்களே, சுவரில் கிறுக்குவதை அந்தப் பையன் யாரிடமிருந்து கற்றான்? லயத்துச் சுவர்களை நினைத்துப் பாருங்கள். அடுப்புக் கரியை எடுத்து அம்மா போட்ட பால் கணக்கு. கூட்டுப் பணத்தில் யாருக்கு எந்த மாதம் என்ற கணக்கு. கதவு நிலையில் பிள்ளைகளின் உயரத்துக்கு ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு கோடு. பெரட்டுக் களத்தில் கிராணியின் நோட்டில் ஏறிய நாள்கள் ஒன்று. நம்முடைய சுவரில் ஏறிய நாள்கள் ஒன்று. இரண்டும் ஒத்துப்போகாதபோது சுவர்தான் உண்மை பேசியது என்று நம்பிய மக்கள் நாம். தாள் வாங்கக் காசில்லாத காலத்தில் சுவர்தான் நம் பேரேடு. அதைக் கிறுக்கல் என்று யாரும் அடித்ததில்லை.

பால்மரத்துக்குத் தோட்டத்தில் ‘கித்தா மரம்’ என்று பெயர். மலாய் ‘கெத்தா’விலிருந்து நாம் எடுத்துக்கொண்ட சொல். ஓவியர்கள் படம் எழுதும் முரட்டுத் துணிக்குத் தமிழில் ‘கித்தான்’ என்று பெயர். இடையில் இருப்பது ஒரே ஓர் எழுத்து. ஆனால் கித்தாக் காட்டிலிருந்து கித்தானுக்குப் போகும் வழி நம் பிள்ளைகளுக்கு ஏன் இத்தனை தூரமாகத் தெரிகிறது? அதுதான் இன்றைக்குப் பேசவேண்டிய விஷயம்.

நியூயார்க் சுவரில் ஒரு பெயர்

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில் 1960ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி ஒரு குழந்தை பிறந்தது. பெயர் ழான் மிஷேல் பாஸ்கியா. தந்தை ஹைத்தித் தீவிலிருந்து வந்தவர், பிரெஞ்சு பேசுகிறவர். தாய் போர்ட்டோ ரிக்கோ வழிவந்தவர், ஸ்பானிய மொழிக்காரர். தெருவில் ஆங்கிலம். பையன் மூன்றையும் சரளமாகப் பேசினான். நம் பிள்ளைகளின் கதை போலவே இல்லையா?

தாய் அவனை அருங்காட்சியகங்களுக்கு அழைத்துப் போனார். ஏழு வயதில் தெருவில் விளையாடும்போது கார் மோதி, மண்ணீரலை எடுக்கவேண்டியதாயிற்று. மருத்துவமனையில் படுத்திருந்த மகனுக்குத் தாய் கொண்டுவந்து கொடுத்தது பொம்மை அன்று, உடற்கூற்றியல் புத்தகம். எலும்பும் மண்டையோடும் நரம்பும் படம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பெயர் எழுதிய புத்தகம். பின்னாளில் அவன் வரைந்த படங்களில் மண்டையோடும், பக்கத்தில் எழுதிய சொற்களும் ஓயாமல் வந்துகொண்டே இருந்ததற்கு வேர் அங்கேதான். ஒரு தாய் எந்தப் புத்தகத்தை எந்த நேரத்தில் கொடுக்கிறாள் என்பதில் எவ்வளவு இருக்கிறது, பாருங்கள்.

1970களின் இறுதியில், பதினேழு பதினெட்டு வயதில், அல் டயஸ் என்ற பள்ளித் தோழனோடு சேர்ந்து நியூயார்க்கின் கீழ்ப்பகுதிச் சுவர்களில் ‘சேமோ’ என்ற புனைபெயரில் எழுத ஆரம்பித்தான். மற்றப் பையன்கள் தங்கள் பெயரை வண்ணமாக வளைத்து வளைத்து எழுதிக்கொண்டிருந்த காலம் அது. இவர்கள் எழுதியவை புதிர் போன்ற வாக்கியங்கள். பணக்காரர்களின் ஓவியக் கூடங்கள் இருந்த தெருக்களாகப் பார்த்து எழுதினார்கள். யார் இந்தச் சேமோ என்று ஊர் கேட்டது. 1978 டிசம்பரில் பத்திரிகையில் செய்தி வந்தது. பிறகு நண்பர்கள் பிரிந்தார்கள். ‘சேமோ செத்துவிட்டான்’ என்று அவனே சுவரில் எழுதி முடித்தான்.

அடுத்த சில ஆண்டுகளில் அதே கை கித்தானுக்கு மாறியது. 1982இல், இருபத்தொரு வயதில், ஜெர்மனியின் காசல் நகரத்தில் நடக்கும் டாக்குமெண்டா என்ற உலகப் புகழ்பெற்ற கண்காட்சியில் அவனுடைய படங்கள் தொங்கின. அந்தப் படங்களில் சுவர் அப்படியே இருந்தது. ஒரு சொல்லை எழுதுவான். அதன்மேல் கோடு போட்டு அடிப்பான். அடித்தால்தானே அது என்ன என்று பார்க்கத் தோன்றும் என்பது அவன் கணக்கு. ஸ்பானியச் சொல் ஒன்று, ஆங்கிலச் சொல் ஒன்று, குத்துச்சண்டை வீரர்களின் பெயர், தலைக்குமேல் ஒரு கிரீடம். மூன்று மொழி வீட்டில் வளர்ந்தவனின் மண்டைக்குள் எப்படிச் சத்தம் கேட்குமோ அப்படியே கித்தானில் இறங்கியது.

அவன் கதையின் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பணம் வெள்ளமாக வந்தது. போதைப் பொருளும் வந்தது. 1988 ஆகஸ்ட் 12ஆம் தேதி, ஹெராயின் அளவு மீறி, இருபத்தேழு வயதில் போய்விட்டான். 1984இல் 19,000 டாலருக்கு விற்ற அவனுடைய மண்டையோட்டுப் படம் ஒன்று, 2017 மே மாதம் நியூயார்க்கில் 11 கோடியே 5 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. வரைந்தவன் மண்ணுக்குள் போய் ஏறத்தாழ இருபத்தொன்பது ஆண்டு ஆகியிருந்தது. நம் பிள்ளைகளுக்கு இந்த விலையைச் சொல்லி ஆசை காட்டவேண்டாம். அவன் எந்தத் தெருவிலிருந்து எதைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்தான் என்பதைச் சொன்னால் போதும்.

‘அது நியூயார்க் கதை, நமக்கென்ன?’ என்று கேட்பீர்கள். நமக்கும் ஒருத்தி இருக்கிறாள்.

ஏ. ஆர். ரகுமானோடு சேர்ந்து ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படப் பாட்டுக்காக 2009இல் ஆஸ்கார் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்ற எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசத்தைப் பாடகியாகத்தான் உலகம் அறியும். 1975இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், போர்க்காலத்தில் அங்கே வளர்ந்து, 1986இல் மீண்டும் லண்டனுக்கு வந்த பெண். பாட வருவதற்கு முன்னால் அவர் ஓவியர். லண்டனில் கலைக் கல்லூரியில் படித்தவர். 2001இல் அவர் வைத்த முதல் காட்சியில் இருந்தவை, அட்டையில் உருவம் வெட்டி அதன்மேல் சாயக் குப்பியால் தெளித்த படங்கள். யாழ்ப்பாணத்துத் தெருச் சுவர்களில் கண்ட அரசியல் படங்களும் லண்டன் கடைத்தெருவின் பளபளப்பும் ஒரே கித்தானில் இருந்தன. அவர் வளர்ந்தது தெற்கு லண்டனின் ஓர் ‘எஸ்டேட்’டில். அங்கே எஸ்டேட் என்றால் அரசாங்கம் ஏழைகளுக்குக் கட்டிக்கொடுத்த அடுக்குமாடி வரிசை. ஆக, அவரும் எஸ்டேட் பிள்ளைதான்!

ஓட்டில் கீறிய பெயர்கள்

கிறுக்கல் என்பது மேல்நாட்டுக் கோளாறு என்றும் இங்கே பேசப்பட்டது. சற்றுப் பொறுங்கள்.

மதுரைக்குப் பக்கத்தில் கீழடியில் 2014இல் தொடங்கி நடந்துவரும் அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். அவற்றில் ‘ஆதன்’, ‘குவிரன்’ என்று தமிழி எழுத்தில் பெயர்கள் இருக்கின்றன. எழுத்து என்று சொல்ல முடியாத குறிகளும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. மீன் போல ஒன்று, ஏணி போல ஒன்று, வெறும் கோடுகளாகச் சில. தொல்லியல்காரர்கள் இவற்றுக்கு வைத்திருக்கும் பெயர் ‘கீறல் குறியீடுகள்’. ஆங்கிலத்தில் அவர்கள் எழுதும் சொல் ‘கிராஃபிட்டி’. நியூயார்க் சுவருக்கும் அதே சொல். வைகைக்கரைப் பானைக்கும் அதே சொல்.

‘இது என் பானை’ என்று கீறியவனுக்கும் ‘இது என் தெரு’ என்று கீறியவனுக்கும் மனம் ஒன்றுதான். இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தக் கீறல் கப்பலேறிப் போயிருக்கிறது. எகிப்து நாட்டில், செங்கடல் கரையில், குசைர் அல் காதிம் என்ற பழந்துறைமுகத்தில் ‘கணன்’, ‘சாதன்’ என்று பெயர் கீறிய ஓடுகள் கிடைத்தன. மற்றொரு துறைமுகமான பெரணிகேயில் ‘கொற்றபூமான்’. நம் பக்கத்து நாடான தாய்லாந்தில், கிராபி மாநிலத்தில், ஒரு பொற்கொல்லனின் உரைகல் கிடைத்தது. அதில் ‘பெரும்பதன் கல்’ என்று தமிழில் வெட்டியிருக்கிறது. ஏறத்தாழ ஆயிரத்து எழுநூறு ஆண்டுக்கு முற்பட்டது அது. எங்கோ வந்து, யாருக்கோ நகை செய்து பிழைத்த ஒருவன், தன் உரைகல்லில் தன் மொழியில் பெயர் வெட்டிக்கொண்டான். அவனும் ஒரு ரந்தாவில் இருந்தவன்தானே? இரண்டு பண்பாட்டுக்கு நடுவில் இருப்பவனுக்குத்தான் தன் பெயரை எங்காவது எழுதி வைக்கவேண்டும் என்ற தவிப்பு அதிகம். ஊரிலேயே இருப்பவனுக்கு அந்த அவசியம் குறைவு. அவன் பெயர் எல்லாருக்கும் தெரியும்.

இராமநாதபுரம் மாவட்டத்தில், வைகை கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அழகன்குளம் என்ற ஊர். அங்கே கிடைத்த பானை ஓடு ஒன்றில் கப்பல் ஒன்று கீறப்பட்டிருக்கிறது. துறைமுகத்தில் கண்ட மரக்கலத்தை யாரோ கையிலிருந்த ஓட்டில் கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதே அழகன்குளத்தில் 1943இல் பிறந்து, சிறுவனாகப் பினாங்குக்கு வந்து, பிறகு சென்னைக் கலைக் கல்லூரிக்குப் போய்ப் படித்துத் திரும்பியவர் நம் நாட்டின் புகழ்பெற்ற ஓவியர் சையத் தாஜுதீன். அவருடைய படங்கள் வேறு வகை. காதலும் காவியமுமாய் உருவங்கள் நிறைந்தவை. ஆனாலும் அந்தக் கப்பலையும் அவர் ஏறி வந்த கப்பலையும் சேர்த்து நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கணக்கு நோட்டின் ஒரு பக்கம்

அந்தச் சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராக 1957 முதல் 1967 வரை இருந்தவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். இன்றைய தலைப்புக்கு அவரே பெரிய சாட்சி.

கே. சி. எஸ். பணிக்கர். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்த மலையாளி. மலையாளக் குடும்பம், தமிழ் மண், ஆங்கிலப் படிப்பு. குடும்பத்தைக் காப்பாற்றத் தந்தி இலாகாவில் வேலைக்குப் போனார். நாள் முழுக்கக் கட்டுக் கடா, கட்டுக் கடா என்று புள்ளியையும் கோட்டையும் சொல்லாக மாற்றுகிற வேலை. படம் வரையும் ஆசையை விடவில்லை. இருபத்தைந்து வயதில், 1936இல், வேலையை உதறிவிட்டுச் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். நிலையான அரசாங்க வேலையை விட்டுவிட்டுப் படம் வரையப் போன மகனைப் பார்த்து அந்தக் காலத்து வீடு என்ன சொல்லியிருக்கும் என்று இங்கே இருக்கும் தாய்மார்களுக்கு விளக்கத் தேவையில்லை.

படித்து முடித்து அங்கேயே ஆசிரியரானார். 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். 1954இல் லண்டனிலும் பாரிஸிலும் அவருடைய படங்கள் காட்சிக்குப் போயின. அப்போது அவர் மேல்நாட்டுப் பாணியில் நன்றாகவே வரைந்துகொண்டிருந்தார். வான்கோவின் சாயல், மற்றவர்களின் சாயல். ஐரோப்பாவில் நின்றபோது அவரைக் குடைந்த கேள்வி இதுதான்: இதை இவர்களே வரைகிறார்களே, இவர்கள் ஊருக்கு வந்து இவர்கள் பாணியையே காட்டுவதற்கு நாம் எதற்கு? அதற்காகப் பழைய கோயில் சுவர் ஓவியத்தைப் பார்த்து அப்படியே எழுதவும் அவருக்கு மனம் வரவில்லை. அது முன்னோர்களின் கை. அவருடைய கை இல்லை.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் நகல். மறுபக்கம் சாய்ந்தாலும் நகல். பணிக்கர் சாயவில்லை. ஏறத்தாழ பத்து ஆண்டுகள் அந்தச் சங்கடத்திலேயே இருந்தார், வேலை செய்துகொண்டே.

1963 வாக்கில் விடை வந்தது. எங்கிருந்து? ஒரு மாணவனின் கணக்கு நோட்டிலிருந்து! திறந்திருந்த ஒரு பக்கத்தில் எண்கள், ஆங்கில எழுத்துகள், முக்கோணம், வட்டம், கோடுகள். நாமெல்லாம் பார்த்தால் ‘விடை சரியா தப்பா’ என்றுதான் பார்ப்போம். அவர் அதைப் படமாகப் பார்த்தார். அதன் பிறகு அவர் கித்தானில் எழுத ஆரம்பித்தார். ஆமாம், எழுதத்தான் ஆரம்பித்தார். கணக்குப் போல ஓரிடம், பனையோலைச் சாதகக் கட்டம் போல ஓரிடம், மந்திரத் தகட்டுச் சக்கரம் போல ஓரிடம், நடுவே ஒரு பறவை, ஒரு பாம்பு, வரிவரியாக மலையாளம் போன்ற எழுத்து. இந்த வரிசைக்குச் ‘சொற்களும் சின்னங்களும்’ என்று பெயர். 1977இல் இறக்கும்வரை அதைத்தான் வரைந்தார்.

அந்த எழுத்தைப் படிக்க முடியாது என்பதுதான் அதிசயம். மலையாளம் தெரிந்தவர் கிட்டே போய்க் குனிந்து பார்ப்பார். எழுத்து போலவே இருக்கும், சொல் சேராது. கண் தேடும், கிடைக்காது. தேடும்போதே வண்ணமும் கோடும் உள்ளே இறங்கிவிடும். பாட்டி வீட்டுப் பரணில் கிடைத்த ஏட்டுச் சுவடியைப் புரட்டும்போது வரும் உணர்வு அது. நம்முடையது என்று தெரிகிறது. என்ன சொல்கிறது என்று தெரியவில்லை.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். தேசியப் பள்ளிக்குப் போய், தமிழ் பேசத் தெரிந்து, படிக்கத் தெரியாமல் வளர்ந்த நம் வீட்டுப் பிள்ளை ஒருவன், கோயில் வாசலில் இருக்கும் தமிழ்ப் பலகையைப் பார்க்கும்போது அவனுக்கு எப்படித் தெரியும்? வளைவு, சுழி, புள்ளி. பணிக்கரின் கித்தானைப் போலத்தான் தெரியும். தன்னுடையது என்று தெரியும், பொருள் பிடிபடாது. எதிரணி நண்பர்கள் அவனைப் பார்த்து வருத்தப்பட்டார்கள். வருத்தம் நியாயமானதே, அவனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கவேண்டும், அதில் இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அவன் ‘அ’ என்ற எழுத்தின் சுழியை வெறும் உருவமாகப் பார்த்து வியக்கிறானே, அந்தக் கண் நமக்கு இல்லை. நாம் படித்துவிட்டோம், நமக்கு இனி அது சத்தம் மட்டுமே. அவன் அந்த எழுத்தைச் சுவரில் பெரிதாக வளைத்து வரைந்து, ‘அங்கிள், இது என்ன எழுத்து?’ என்று கேட்டால், அறைவதற்கு முன் பதில் சொல்லுங்கள். தமிழ் கற்க அவன் எடுத்து வைத்த முதல் அடி அதுவாக இருக்கலாம்.

பணிக்கர் நகரத்துச் சுவரில் எழுதியவர் இல்லை. ஆனால் சுவரில் கிறுக்கிய பாஸ்கியாவும் நோட்டைப் பார்த்த பணிக்கரும் ஒன்றையொன்று அறியாமல், இருபது ஆண்டு இடைவெளியில், ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். எழுத்தைச் சொல்லிலிருந்து பிரித்துப் படமாக்கினார்கள். இருவருமே ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளுக்கு நடுவில் வளர்ந்தவர்கள். ஒரே மொழிக்குள் வளர்ந்தவனுக்கு எழுத்தைத் தள்ளி நின்று பார்ப்பது எளிதில் வராது.

லெங்கெங் பையன்

இன்னும் பக்கத்தில் வருவோம். இதே சிரம்பான் மாவட்டத்தில் லெங்கெங் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1941இல் பிறந்தவர் லத்திப் மொகிதின். சிறுவயதில் சிங்கப்பூர் போய், அங்கே பள்ளி மாணவனாக இருக்கும்போதே படக்காட்சி வைத்து ‘அதிசயச் சிறுவன்’ என்று பெயர் வாங்கியவர். 1960இல் உபகாரச் சம்பளம் கிடைத்து மேற்கு பெர்லினுக்குக் கலை படிக்கப் போனார். மறு ஆண்டு, 1961 ஆகஸ்ட் 13ஆம் தேதி, அந்த நகரத்தை இரண்டாக வெட்டிப் பெர்லின் சுவர் எழும்பத் தொடங்கியது. பின்னாளில் உலகத்திலேயே அதிகமாகக் கிறுக்கப்பட்ட சுவராகப் பெயர் வாங்கியது அதுதான். நெகிரி செம்பிலான் கிராமத்து இளைஞன், இரண்டாகப் பிளந்த நகரத்தில் ஓவியம் படித்தான்.

அந்த பெர்லினில் இருந்த அருங்காட்சியகத்தில்தான் அவர் தென்கிழக்காசியாவின் பழங்கலைப் பொருள்களை நின்று நிதானமாகப் பார்த்தார். வீட்டின் அருமை வெளியே போனால்தான் தெரியும் என்பார்களே! 1964இல் திரும்பி வந்து தாய்லாந்து, கம்போடியா, லாவோஸ், வியட்நாம், இந்தோனேசியா என்று சுற்றினார். கோபுரமா, செடியா, சங்கா, முளையா என்று சொல்ல முடியாத உருவங்கள் கித்தானில் கிளம்பின. ‘பாகோ பாகோ’ என்று அவரே ஒரு பெயரை உண்டாக்கி அந்த வரிசைக்குச் சூட்டினார். ஜெர்மனியில் கற்ற தூரிகை வேகம். நம் மழைக்காட்டுத் தழைப்பு. அவர் கவிஞரும்கூட, மலாய் இலக்கியத்தில் தனி இடம் பெற்றவர். 2018இல் பாரிஸ் நகரத்துப் பொம்பிடு மையத்தில் அந்தப் ‘பாகோ பாகோ’ படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன.

அவருடைய நாற்பதாண்டுப் பணியைத் தொகுத்து 1990களிலேயே உலகுக்கு எடுத்துக்காட்டிய கலை வரலாற்று ஆசிரியர் யார் தெரியுமா? டி. கே. சபாபதி. ஒரு தமிழர்! மினாங்கபாவ் ஓவியரின் படத்தைத் தமிழர் ஒருவர் படித்துச் சொல்ல, அதை உலகம் கேட்டது. நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? வரைவது மட்டுமே கலைப்பணி என்று நினைத்துவிடுகிறோம். பார்த்துப் புரிந்து எழுதுவதும் ஒரு தொழில்தான். அதிலும் நம்மவர் முன்னால் நின்றிருக்கிறார்.

இனி, தாய்மார்கள் மனத்தில் இருக்கும் கேள்வி. ‘எல்லாம் சரி, இது சோறு போடுமா?’ நியாயமான கேள்வி. தோட்டத்தில் அரைநாள் மழை பெய்தால் அரை நாள் கூலி போய்விடும் என்று வாழ்ந்தவர்கள் இப்படித்தான் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். இதற்கும் பணிக்கரிடம் பதில் இருந்தது. கல்லூரியிலிருந்து வெளியே வரும் மாணவர்கள் பிழைப்புக்கு வழியில்லாமல் படத்தை மறந்துவிடுகிறார்கள் என்று அவர் கண்டார். மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து கைவினைப் பொருள்கள் செய்தார்கள். முக்கியமாக பாத்தேக் துணி. ஆமாம், நம் ஊர் பாத்தேக்தான். மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் அதே வித்தை. அதை விற்ற பணத்தில் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர மணல் நிலத்தை வாங்கி, 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார்கள். பகலில் விற்பதற்கான துணி. மற்ற நேரத்தில் விற்குமா விற்காதா என்ற கவலையில்லாத படம். ஓவியர்களே கட்டி, ஓவியர்களே நடத்தி, இன்றைக்கும் நிலைத்திருக்கிற கிராமம் அது. யாரிடமும் கையேந்தவில்லை என்பதுதான் அதன் பெருமை.

பினாங்கையும் பார்த்திருப்பீர்கள். 2012இல் எர்னஸ்ட் சக்கரெவிக் என்ற லித்துவேனிய இளைஞர் ஜார்ஜ் டவுன் பழஞ்சுவர்களில் வரைந்த படங்களுக்கு முன்னால், சைக்கிளில் போகும் இரண்டு பிள்ளைகள் படத்துக்கு முன்னால், சுற்றுப்பயணிகள் வரிசை பிடித்து நின்று படம் எடுக்கிறார்கள். பக்கத்தில் இளநீர்க் கடையும் ஐஸ் கச்சாங் கடையும் பிழைக்கின்றன. அனுமதி பெற்று வரைந்தால் அது ஊருக்கு வருமானம். அடுத்தவர் சுவரில் இரவில் போய்க் கிறுக்கினால் அது குற்றம். அதில் இந்த அணிக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. சுத்தம் செய்கிறவனும் ஒரு கூலித் தொழிலாளிதான் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, வரைவதற்கு ஒரு சுவரையும் கொடுங்கள். கோயில் மண்டபத்தின் பின்சுவர் போதும். தமிழ்ப்பள்ளியின் மிதிவண்டிக் கொட்டகைச் சுவர் போதும். தலைமையாசிரியர்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரும் இங்கே இருக்கிறீர்கள். ஐந்து டின் சாயத்துக்கு மேல் இதற்குச் செலவாகாது.

கடைசியாக ஒன்று, நடுவர் மணியைப் பார்க்கிறார். லின்சும் போன்ற தோட்டங்களில் வளர்ந்தவர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள். நாடு முழுவதும் கித்தா போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்களில் செம்பனையும் போய் வீடமைப்பு வந்துவிட்டது. லயங்கள் இடிபடுகின்றன. இடிக்க வருகிற இயந்திரத்துக்குச் சுவரில் இருப்பது கணக்கா, பெயரா, கடவுள் படமா என்று தெரியாது. கீழடியில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஓட்டைத் தூரிகையால் மண் தட்டி எடுக்கிறோம். ஐம்பது ஆண்டுக்கு முன் நம் தாய் கரிக்கட்டையால் எழுதிய சுவரை ஒரு நிமிடத்தில் தூளாக்குகிறோம்.

இன்னும் நின்றுகொண்டிருக்கும் லயம் உங்களுக்குத் தெரிந்திருந்தால், வரும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போங்கள். அனுமதி கேட்டு உள்ளே போங்கள். கைப்பேசியில் ஒவ்வொரு சுவரையும், கதவு நிலையையும், அடுப்படியையும் படம் பிடியுங்கள். வெயில் சாய்வாக விழும் காலை நேரம் நல்லது. மங்கிய கரிக்கோடும் அப்போது தெரியும். எந்தத் தோட்டம், எத்தனையாவது லயம், அந்த வீட்டில் யார் இருந்தார்கள், அந்தக் கணக்கு எதைப் பற்றியது என்று பாட்டியிடம் கேட்டுப் பின்னால் எழுதி வையுங்கள். பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். அவனுக்குத் தமிழ் எழுத வராவிட்டால் மலாயில் எழுதட்டும். சுவரில் இருக்கும் எழுத்தை மட்டும் பார்த்து அப்படியே வரையட்டும்.